மாமாவின் மஞ்சள் கை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மகன் டிவியில் ஓநாய்ப் படம் ஒன்றைப் போட்டான். புனேயில் கராடி என்கிற இடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வீட்டில் உட்காருவான். மனிதன் ஓநாயாக மாறுகிற இடம் வந்ததும் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். "பயமாம்மா? எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றது" என்று சிரித்தான். பயமில்லை என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. சிறு வயதிலிருந்தே எனக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வராது. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. தமிழை வீட்டில் அம்மாதான் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்தாள். சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. புனேயில் வெடிமருந்து செய்கிற ஒரு தொழிற்சாலைக்குப் பக்கத்தில், வரிசை வீடுகளில் நாங்கள் குடியிருந்தோம். ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு வீடு. ஒரு அறை, ஒரு சமையல் இடம், மூலையில் குளிப்பதற்கு முழங்கால் உயரச் சுவர் கட்டிய ஒரு மோரி. அவ்வளவுதான் வீடு. அதில் நைனா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான என் மாமா ஆகிய நான்கு பேரும் இருந்தோம். நைனாவுக்குத் தொழிற்சாலையில் பெட்டி அடிக்கிற தச்சு வேலை. மாமாவைக் குடியாத்தத்திலிருந்து அழைத்து வந்து, யார் யாரையோ பார்த்துக் கெஞ்சி, அதே தொழிற்சாலையில் டெம்பரரியாகச் சேர்த்துவிட்டவரும் நைனாதான்.

மாமாவுக்கு வெடிமருந்துத் தூளைக் கலக்கிற பவுடர் செக்ஷன். அங்கே வேலை செய்கிறவர்களை வெளியே எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். உள்ளங்கையும் நகமும் மஞ்சளாக இருக்கும். முன் தலைமுடி செம்பட்டையாகிவிடும். மாமா மோரியில் உட்கார்ந்து சோப்புப் போட்டால் நுரை சிவப்பாக ஓடும். அவருக்கென்று அம்மா தனித் தலையணை உறை வைத்திருந்தாள். எவ்வளவு துவைத்தாலும் அதில் தலை வைத்த இடம் மட்டும் மஞ்சள் வட்டமாகத் தெரியும். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போய் வந்தால் மாமாவுக்கு மண்டை பிளக்கும். நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவரில் தலையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருப்பார். செவ்வாய் ஆனால் சரியாகிவிடும். பவுடர் செக்ஷன் என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்காகக் கூலியில் கொஞ்சம் கூடுதல் உண்டு. ஒரு டம்ளர் பாலும் ஒரு துண்டு வெல்லமும் தினமும் கொடுப்பார்கள். பாலை அங்கேயே குடித்துவிட்டு, வெல்லத்தைக் காகிதத்தில் மடித்து எனக்குக் கொண்டுவருவார்.

அந்த வருடம் கணபதி சமயத்தில் எங்கள் வரிசைக்குப் பின்னால் பிள்ளையார் வைக்கிற மண்டல்காரர்கள் தெருவின் குறுக்கே வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்கள். புராணப் படம் என்று சொல்லித்தான் கூட்டம் சேர்ந்தது. படப்பெட்டி மாறி வந்துவிட்டதாம். ஓடியது ஹிந்தியில் பேசுகிற ஒரு வெளிநாட்டுப் படம். நாங்கள் தாமதமாகப் போனதால் துணிக்குப் பின்பக்கம்தான் இடம் கிடைத்தது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். ஆனாலும் படம் படம்தானே.

மலைமேல் ஒரு சின்ன ஊர். ஒரே தெரு. எங்கு பார்த்தாலும் பனி. அந்த ஊர் தபால்காரன் நல்லவன். எல்லோர் வீட்டுக் குழந்தைகளுக்கும் மிட்டாய் கொடுப்பான். ஒரு நாள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறான். பிறகு கையை விரித்துப் பார்க்கிறான். உள்ளங்கை மஞ்சளாக இருக்கிறது, நகமும் மஞ்சள். அதற்குப் பிறகு முடி முளைக்கிறது. கூட்டத்தில் யாரோ "லாண்ட்கா, லாண்ட்கா" என்று கத்தினார்கள். மராத்தியில் ஓநாய்க்கு அதுதான் பெயர். தபால்காரனுடைய அக்காள் மகள், என் வயதுப் பெண், அவன் கோட்டுத் துணிக்கு உள்ளே ஒரு வெள்ளிக் காசை வைத்துத் தைத்துவிடுகிறாள். வெள்ளி உடம்பில் இருக்கிறவரை அவன் மனிதனாகவே இருக்கிறான். ஆனால் அதை அவள் யாரிடமும் சொல்லக் கூடாது. அவனுக்குக் கல்யாணம் ஆகிறது. புதிதாக வந்த மனைவி அந்தப் பெண்ணிடம் நயமாகக் கேட்கிறாள். பெண் சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான். காசு தானாகத் தையல் பிரிந்து பனியில் விழுகிறது. அடுத்த காட்சியில் மனைவி இறந்து கிடக்கிறாள். ஊர்க்காரர்கள் துப்பாக்கியோடு வருகிறார்கள். சுடப்பட்டு விழும்போது ஓநாயாக இருந்தவன், கிடக்கும்போது தபால்காரனாக இருக்கிறான்.

படம் முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் மாமா பீடி பற்ற வைத்தார். தீக்குச்சி வெளிச்சத்தில் அவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன்.

அடுத்த நாளிலிருந்து நான் மாமாவின் அருகில் போகவில்லை. வெல்லத்தை வாங்கிக்கொள்வேன், தின்ன மாட்டேன். அரிசி டின்னுக்குப் பின்னால் வரிசையாக ஒளித்து வைத்தேன். எறும்பு வந்து அம்மா டின்னை நகர்த்தியபோது பதினோரு துண்டு இருந்தது. "ஏன்டி, வெல்லத்துக்கு ஒளிஞ்சி வெளாட்டு காட்றியா?" என்று அம்மா கேட்டாள். மாமாவுக்குக் காரணம் புரிந்துவிட்டது போலிருக்கிறது. அவர் விளையாட்டுக்காரர். அன்று சாயங்காலம் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "ஊ..." என்று மெதுவாக ஊளையிட்டார். எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

"வயசுக்கு வந்த ஆம்பள பண்ற வேலையாடா இது" என்று அம்மா அவரைத் திட்டினாள்.

"சும்மாதான்க்கா. பாப்பா சிரிக்கும்னு பாத்தேன்."

அதற்குப் பிறகு அவர் ஊளையிடவில்லை. அவர் நிறுத்தியதும் எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. விளையாட்டாக இருந்தால் ஏன் நிறுத்த வேண்டும்?

தசரா முடிந்த வாரத்தில் மாமாவைப் பார்க்கப் பெண் வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். புனே கண்டோன்மெண்டில், கேம்ப் என்கிற இடத்தில் தையல் கடை வைத்திருந்தவர். வேலூர்க்காரர். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. அம்மா காப்பி கொடுத்தாள். அவர் காப்பியை ஓரமாக வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார்.

"கையக் கொஞ்சம் குடுங்க தம்பி."

மாமா வெட்கத்தோடு வலது கையை நீட்டினார். அவர் அதை வாங்கி, சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார்.

"பவுடரா?"

"ஆமாங்க."

"கேக்கவே வேணாம். கையே சொல்லுது."

எங்கள் பக்கத்தில் அது வழக்கமாக இருந்தது. காக்கித் துணி போட்டுக்கொண்டு தொழிற்சாலையில் வேலை என்று சொல்லிப் பெண் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டாம். காக்கியைக் கடையில் வாங்கலாம். அந்த மஞ்சளை வாங்க முடியாது. பெண்ணைப் பெற்றவர்கள் ஜாதகம் பார்ப்பதற்கு முன் கையைப் பார்த்தார்கள்.

"பர்மனெண்ட் எப்ப ஆவும்?" என்று அவர் நைனாவிடம் கேட்டார்.

"லிஸ்ட்ல பேரு இருக்குதுங்க. தீபாவளி ஒட்டி ஆர்டர் வந்துரும்னு சொல்றாங்க."

"வரட்டும். வந்தொடனே நானே தட்டோட வரேன். நம்ம பொண்ணு அதிகம் பேசாது. ஆனா வூட்டு வேலையில ஒரு கொற சொல்ல முடியாது."

அவர் போனதும் அம்மா நைனாவிடம், "கையப் பாத்ததும் அவரு மூஞ்சி எப்பிடி மலந்துச்சி பாத்தியா?" என்றாள். நானும்தான் பார்த்தேன். அந்தக் கையைப் பார்த்து ஒரு மனிதன் எப்படிச் சந்தோஷப்பட முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. இவர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, அதனால்தான் தெரியவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அதிகம் பேசாத அந்தப் பெண்ணை நினைத்தேன். என்னைப் போலப் பேசாத பெண். பனியில் கிடந்த அந்த மனைவிக்கு அவளுடைய முகத்தை, நான் பார்த்திராத முகத்தை, வைத்துப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் வெள்ளி ஒன்றுதான் இருந்தது. முந்தைய வருடம் மாமாவுக்கு விஷக்காய்ச்சல் வந்து பிழைத்தபோது, ஊர் மாரியம்மனுக்கு ஆள் உரு செலுத்துவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். மெல்லிய வெள்ளித் தகட்டில் கை கால் விரித்து நிற்கிற ஒரு ஆள். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ஊருக்குப் போகும்போது உண்டியலில் போடுவதற்காக மஞ்சள் துணியில் முடிந்து, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். ஊருக்குப் போக நேரம் வரவில்லை.

பவுடர் செக்ஷனுக்குள் போகிறவர்கள் வாசல் அறையில் சொந்தத் துணியைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே போட்டுக்கொள்கிற வெள்ளைத் துணிக்குப் பொத்தான் கிடையாது. எல்லாம் நாடாதான். தீப்பெட்டி, பீடி, ஊக்கு, மோதிரம், காசு எதுவும் கூடாது. ஒரு சின்ன ஆணி உரசினால்கூடக் கட்டிடமே போய்விடும் என்பார்கள். வாசலில் காவல் நிற்கிற தர்பான் ஒவ்வொருவரையும் கையால் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார். அந்தத் துணிகளை அங்கேயே துவைத்துவிடுவார்கள். தலையில் கட்டுகிற துணித் தொப்பி மட்டும் சனிக்கிழமை வீட்டுக்கு வரும். அம்மா துவைத்துக் காயவைத்து, ஞாயிறு மதியம் அதன் மடிப்பு முழுவதும் விரலால் தடவிப் பார்த்து, தலையணைக்கு மேல் வைப்பாள். கூடாதவற்றின் பட்டியல் எனக்கும் மனப்பாடம். இரும்பு கூடாது, பித்தளை கூடாது. வெள்ளியைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வெள்ளி சாமிக்குப் போடுவது. அது எப்படித் தப்பாகும்?

அந்த ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்தார்கள். தொப்பியின் மடிப்பில் நான்கு தையலைப் பிரித்து, தகட்டு ஆளை உள்ளே படுக்க வைத்து, அதே ஓட்டைகளில் ஊசியை விட்டுத் தைத்தேன். பள்ளிக்கூடத்தில் தையலில் மட்டும்தான் எனக்கு நல்ல பெயர். தைத்து முடித்து விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மாமா ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். படத்தில் வந்த பெண்ணைப் போல உதட்டின்மேல் விரலை வைத்து எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் பன்னிரண்டு மணிக்கு. பத்து மணி இருக்கும், மாமா வந்துவிட்டார். அந்த நேரத்தில் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றாமல் இருந்தார்.

"இன்னாடா, ஒடம்பு சரியில்லையா?" என்று அம்மா கேட்டாள்.

"அக்கா, தொப்பியில உரு வெச்சியா?"

"இன்னா உரு?"

"மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினியே. அது."

அம்மா உள்ளே ஓடிப் போய் சாமிப் படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். மஞ்சள் துணி மட்டும் வந்தது. வெறும் துணியை இரண்டு பக்கமும் உதறிப் பார்த்தாள்.

தர்பான் தொப்பியைத் தடவும்போது தகடு மடங்கி முனை அவர் விரலில் குத்தியிருக்கிறது. மடிப்பைக் கிழித்துப் பார்த்தால் ஒரு உலோக மனிதன். அதிகாரிகள் வட நாட்டுக்காரர்கள். அவர்களுக்கு அது வேண்டுதலா, செய்வினையா, வேறு எதுவுமா என்று தெரியவில்லை. வேறு எங்காவது கிடைத்திருந்தால் பரவாயில்லை. ஒளித்துத் தைத்திருந்ததுதான் குற்றத்தைப் பெரிதாக்கியது. வெள்ளிக்கிழமை விசாரணை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் நைனா வந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அம்மாவைப் பார்த்து, "உனுக்கு பக்தி முத்திப்போச்சி" என்றார்.

"மாரியாத்தா மேல சத்தியமா நான் வெக்கல."

"அப்ப அந்த ஆளு தானா நடந்து போய் தொப்பிக்குள்ள பூந்துகினானா?"

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு, "வுடு மாமா. அக்கா நல்லதுக்குதான் வெச்சிருக்கும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், அவ்ளோதான்" என்றார்.

"டேய், நான் வெக்கலடா."

"செரிக்கா. சத்தியம் பண்ணாத. ஏற்கனவே ஒரு வேண்டுதல் பாக்கி கீது."

அன்றிலிருந்து மாமாவும் அவளும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். சில நாளில் அதுவும் நின்றது. தட்டை வைப்பாள், அவர் சாப்பிடுவார்.

புதன்கிழமை நைனா யூனியன்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் ஒரு வழி சொல்லியிருந்தார். வீட்டுக் குழந்தை விளையாட்டாக வைத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து, குழந்தையையும் நேரில் அழைத்து வந்து சொல்ல வைத்தால், பெரிய அதிகாரி புள்ளைகுட்டிக்காரர், எச்சரித்து விட்டுவிடுவார். பர்மனெண்ட் லிஸ்டில் பேரும் அப்படியே இருக்கும். ஆனால் பொய்யாகச் சொல்ல வைக்கக் கூடாது. குறுக்குக் கேள்வி கேட்டால் குழந்தை உளறிவிடும், விஷயம் இன்னும் மோசமாகிவிடும்.

நைனா என்னை அழைத்துத் தன் முன்னால் உட்கார வைத்தார். அவர் என் தலையைத் தடவியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"கண்ணு, நைனா அடிக்க மாட்டேன். சத்தியமா அடிக்க மாட்டேன். அந்த உருவ நீ எடுத்தியா?"

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். மாமாவும் என்னைப் பார்த்தார். மூன்று பேரும் ஒரே பதிலை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். அது கூடவா எனக்குத் தெரியவில்லை? தெரிந்தது. ஆமாம் என்று நான் சொன்னால் அவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் படத்திலும் அந்த மனைவி இப்படித்தானே தலையைத் தடவி, அடிக்க மாட்டேன் என்று நயமாகக் கேட்டாள்? சொன்னால் என்ன ஆகும் என்பது இந்த மூன்று பேருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். மாமாவை நான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இல்லை என்று தலையாட்டினேன்.

"அதுக்கு இன்னா தெரியும், வாயே தொறக்காத புள்ள" என்று அம்மா சொன்னாள். வாயைத் திறக்காத பிள்ளை பொய்யும் சொல்லாது என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

வெள்ளிக்கிழமை விசாரணை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. டெம்பரரிக்கு என்ன விசாரணை. ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயரை அடித்துவிட்டார்கள். தொப்பியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தகட்டையும் வைத்துக்கொண்டார்கள்.

அதற்கடுத்த நாட்களைத்தான் இன்று நினைத்தாலும் என்னால் சரியாக உட்கார முடியவில்லை. வீடு முழுக்கத் துக்கம் நடந்த வீடு மாதிரி இருந்தது. நான் மட்டும் அதற்குள் சந்தோஷமாக இருந்தேன். ஏனென்றால் மாமாவின் மஞ்சள் இறங்கத் தொடங்கியது. முதலில் உள்ளங்கை வெளுத்தது. திங்கட்கிழமை வந்தது, தலைவலி வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. மோரியில் சோப்பு நுரை வெள்ளையாக ஓடியது. அதை நான் தினமும் கதவோரம் நின்று பார்த்தேன். வெள்ளி வேலை செய்துவிட்டது. மாமா மறுபடியும் முழு மனிதனாகிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் மடியில் தலை வைத்துப் படுத்தேன். "பாப்பாவுக்குதான் நம்ம மேல கோவம் தீந்துச்சி" என்று அவர் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் அம்மா அவருடைய தலையணை உறையைத் துவைத்துவிட்டு, அது வெள்ளையாக இருப்பதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். வெள்ளையாக வந்ததற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

மாமா பிறகு ஹடப்சர் பக்கம் ஒரு பேக்கரியில் பாவு ரொட்டி சுடுகிற வேலைக்குப் போனார். கடைசிவரை அங்கேயே இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் சொல்லியிருக்கலாம். பதினைந்து வயதில் சொல்லியிருக்கலாம், என் கல்யாணத்தின்போது சொல்லியிருக்கலாம். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "அந்த உருவ நான் எடுக்கலடி" என்று சம்பந்தமில்லாமல் ஒரு நாள் சொன்னாள். "தெரியும்மா" என்றேன். எப்படித் தெரியும் என்று அவளும் கேட்கவில்லை. அதற்குள் மாமாவும் போய்ச் சேர்ந்திருந்தார்.

நான் சொல்ல வந்தது அந்தத் தீபாவளிக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அந்த கேம்ப் தையல்காரர் சொல்லி அனுப்பியிருந்தார், காலையில் தட்டோடு வருவதாக. வேலை போன செய்தி அவருக்கு எட்டவில்லை என்று வீட்டில் நினைத்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார் நைனா. "தட்டு மாத்திட்டா பொறவு எங்கியாச்சும் ஒரு வேல கெடைக்காமலா பூடும்?" என்றாள் அம்மா. நைனா எழுந்து போய்ச் சவரம் செய்துகொண்டார்.

அம்மா அம்மியில் மஞ்சளை அரைத்தாள். இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்தாள். மாமாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"குடுடா கைய."

இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. மாமா இரண்டு கையையும் நீட்டினார். அவள் உள்ளங்கையில், விரல் இடுக்கில், நகக்கண்ணில் எல்லாம் தேய்த்தாள். கல்யாணத்துக்கு நலுங்கு வைப்பதுபோல மெதுவாகத் தேய்த்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பழைய துணியால் துடைத்ததும் கை அசலாக முன்பு இருந்த மாதிரியே ஆகிவிட்டது.

நான் இதைப் பார்க்கவில்லை, வாசலில் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். நான் பார்த்தேன். வெள்ளி ஆள் தொழிற்சாலையில் போய் மாட்டிக்கொண்டான், திரும்பி வர மாட்டான். அதனால் மாமாவுக்குப் பழைய குணம் திரும்ப வருகிறது. அம்மாவே தன் கையால் வரவழைக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

கேம்ப்காரர் வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். பாயில் உட்கார்ந்து எல்லோரையும் நலம் விசாரித்தார். காப்பி வந்தது. பழைய மாதிரியே காப்பியை ஓரமாக வைத்தார்.

"கையக் குடுங்க தம்பி."

மாமா கொடுத்தார். அவர் வாங்கித் திருப்பினார். இந்தத் தடவை நகத்தைப் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலால் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தார். தையல்காரர், துணியில் சாயம் போகுமா என்று பார்க்கிற பழக்கம். கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

"இப்பவும் அதே செக்ஷன்தானா?"

"அதே... செக்ஷன்தாங்க."

"ம்."

மாமாவின் கையைச் சட்டென்று விடவில்லை. தூங்குகிற குழந்தையைக் கீழே கிடத்துவதுபோல அதை எடுத்து மாமாவின் முழங்கால்மேலேயே வைத்தார். காப்பியை முழுவதும் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு நைனாவிடம், "பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருசம் போவட்டும்னு வூட்ல அபிப்பிராயப்படறாங்க. அதச் சொல்லிட்டுப் போவலாம்னுதான் வந்தேன்" என்றார்.

நைனா தலையைக் குனிந்தபடி, "அதனால இன்னாங்க" என்றார்.

அவர் வெற்றிலையையும் தேங்காயையும் பைக்குள் வைத்துக்கொண்டார். வாழைப்பழச் சீப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். "நல்லா சாப்டு பாப்பா" என்றார். வெளியே போய்த் தெருக்குழாயில் கட்டைவிரலைத் தேய்த்துக் கழுவினார். கைக்குட்டையில் துடைத்தார். திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார்.

இவர் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. படம் பார்க்காமலேயே, விரலால் தொட்டே கண்டுபிடித்துவிட்டார். ஊர்க்காரர்களைப் போலத் துப்பாக்கி எடுக்கவில்லை, சத்தம் போடவில்லை. பெண்ணை மட்டும் காப்பாற்றிக்கொண்டு போய்விட்டார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

உள்ளே யாரும் எழுந்திருக்கவில்லை. மாமா இரண்டு கையையும் முழங்கால்மேல் விரித்தபடியே உட்கார்ந்திருந்தார். அம்மா முந்தானையின் ஒரு முனையை நனைத்து அவர் உள்ளங்கையைத் துடைக்கப் போனாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. நான் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து உரித்து மாமாவிடம் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், வேண்டாம் என்று சொன்னார். அதிகம் பேசாத அந்தப் பெண் அந்த நேரத்தில் கேம்பில் எங்கோ உயிரோடு, பத்திரமாக, வீட்டு வேலை செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மனதுக்கு நிம்மதியாக இருந்தது. மாமாவுக்கு உரித்த பழத்தையும் நானே தின்றேன்.